கதிரைக்குக் கீழே வைத்த கிளாஸ்

இத்தாலிக்குப் போன முதல் நாள் பின்னேரமே நான் என் மனைவியைக் காட்டிக் கொடுத்தேன். பெரிய சொல்லுத்தான். நடந்தது ஒரு வைன் கிளாசைப் பற்றிய விசயம். ஆனால் செய்ததற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பகிடி என்று அன்றைக்கு நானே சொன்னேன். பகிடி என்றால் இரண்டு பேரும் சிரித்திருக்க வேண்டும்.

நாங்கள் மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கம் இருக்கிறோம். நான் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓடுகிறவன். மனைவி சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். தேனிலவு என்று நாங்கள் எங்கேயும் போகவில்லை. அவள் ஊரில் இருந்து மெல்பேர்னுக்கு வந்து இறங்கின அன்றே நான் வேலைக்குப் போனேன். லீவு கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

அவள் வேலை செய்கிற இடத்தில் சமைக்கிற மனிசி ஒரு இத்தாலிக்காரி. அறுபது வயதுக்கு மேல். இரண்டு பேரும் மத்தியான இடைவேளையில் ஒன்றாக இருந்து கதைப்பார்கள். அந்த மனிசி தன் ஊரில் எப்படிச் சாப்பிடுவார்கள், எவ்வளவு நேரம் இருந்து சாப்பிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு ஆசையைக் கிளப்பிவிட்டாள். "ஒருக்கா அங்க போய் நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் ஆறுதலா இருந்து சாப்பிட வேணும்" என்று பல வருசமாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். நான் "பார்ப்பம், பார்ப்பம்" என்றேன். கடைசியில் மகள்தான் எல்லா ஒழுங்கும் செய்து எங்களை அனுப்பினாள்.

ரெண்டு பேரும் மட்டும் என்று அவள் ஏன் சொன்னாள் என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்கும். இங்கே ஒரு பிறந்தநாள், ஒரு வீடு குடிபூரல் என்று போனால் ஆம்பிளைகள் கராஜுக்குள் போய்விடுவோம். பெண்கள் குசினியில். கராஜில் போத்தல் இருக்கும், பொரித்த இறைச்சி இருக்கும், பிளாஸ்ரிக் கதிரை இருக்கும். நடுவில் யாராவது உள்ளே வந்து "சாப்பிடலாம்" என்பார்கள். முதலில் பிள்ளைகள், பிறகு நாங்கள், கடைசியில் பெண்கள். சாப்பிட்டு முடிந்ததும் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டு "வெளிக்கிடுவமா" என்று கேட்பேன். அவள் அப்போதுதான் சோற்றுக் கோப்பையோடு இருந்திருப்பாள். இருபத்தாறு வருசத்தில் ஒரு மேசையில் அவளும் நானும் மட்டும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டது வீட்டில்தான். அதுவும் தொலைக்காட்சி ஓடும்.

அந்தக் கராஜில் இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது படம் எடுக்க வந்தால் எல்லாக் கையும் கீழே போகும். கிளாஸ் கதிரைக்குக் கீழே போகும், இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் போகும். நாங்கள் குடிக்கிறது ஊருக்கே தெரியும். மனைவிக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும், கோயில் ஐயருக்கும் தெரியும். ஆனால் படத்தில் இருக்கக் கூடாது. ஊரில் இருக்கிற பெரிய ஆட்கள் பார்ப்பினம் என்று முந்தி ஒரு காரணம் சொன்னோம். அந்தப் பெரிய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது இல்லை. கை மட்டும் தானாகக் கீழே போகிறது.

றோமுக்கு மத்தியானம் போய் இறங்கினோம். அறைக்குப் போய்ப் படுத்து எழும்ப ஆறு மணி. எனக்குப் பசி. மெல்பேர்னில் ஆறரைக்கு இரவுச் சாப்பாடு முடிகிற ஆள் நான். அவள் குளித்து வெளிக்கிட்டு வந்தாள். சீலையும் இல்லை, வழக்கமாகப் போடுகிற பஞ்சாபியும் இல்லை. கரும்பச்சையில் ஒரு நீளச் சட்டை. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இருந்தது. கிளென் வேவர்லியில் வாங்கி எனக்குக் காட்டாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறாள். வடிவாக இருந்தாள். எனக்குத் தெரிந்தது.

"குளிராதே?" என்றுதான் கேட்டேன்.

"ஜூன் மாசம். இஞ்ச வெயில் காலம்" என்றாள்.

நாங்கள் போன சாப்பாட்டுக்கடை இன்னும் திறக்கவில்லை. ஒரு ஒழுங்கைக்குள் வெளியே மேசை போட்டிருந்தார்கள். வெயிட்டர் மேசைகளுக்குத் தாள் விரித்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும், மொட்டை. ஏழரைக்கு வாருங்கள் என்று விரலால் காட்டினான்.

"ஆறு மணிக்குப் பசிக்கிறவன் செத்தே போறது?" என்று தமிழில் பேசினேன்.

"கொஞ்சம் நடப்பம்" என்றாள்.

நடந்தோம். ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். கல்லுத் தரை, என் சப்பாத்துக்குச் சரிவரவில்லை. அதற்கும் ஏசினேன். பாலத்தின் நடுவில் அவள் என் கையைப் பிடித்தாள். றோட்டில் வைத்து அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

"ஆரைப் பார்க்கிறியள்?"

"இத்தாலியிலயும் எங்கட ஆக்கள் இருக்கினம்."

அவள் சிரித்தாள். கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை. ஏழரை வரைக்கும் அப்படியே நடந்தோம். என் கை வேர்த்தது.

திரும்பிப் போனபோது வெயிட்டர் எங்களை நினைவு வைத்திருந்து சுவர்ப் பக்கமாக ஒரு மேசை தந்தான். வெயில் இன்னும் மேல்மாடி யன்னல்களில் நின்றது. மனைவி சமையற்கார மனிசியிடம் படித்துக்கொண்டு வந்த இத்தாலிச் சொற்களை வைத்து அவளே சாப்பாடு சொன்னாள். அவனும் பொறுமையாக நின்று திருத்தித் திருத்திக் கேட்டான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வெளியில் போனால் நான்தான் கதைக்கிற ஆள்.

முதலில் பூசணிப்பூப் பொரியல் வந்தது. உள்ளே சீசும் ஒரு சின்ன உப்பு மீனும் வைத்து மாவில் தோய்த்துப் பொரித்திருந்தார்கள். நான் சட்டைப் பையில் இருந்து சின்னப் போத்தலை எடுத்தேன். வீட்டில் இருந்து கொண்டுவந்த இடித்த மிளகாய்த்தூள்.

"இண்டைக்கு வேண்டாமப்பா" என்றாள். "அவை சமைச்ச மாதிரியே சாப்பிடுவம்."

உள்ளே வைத்தேன். பூ நன்றாகத்தான் இருந்தது. அதை அவளுக்குச் சொன்னேன். அவளுக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தைப் பார்த்து எனக்கும் ஒரு துணிவு வந்தது. வெயிட்டரைக் கூப்பிட்டு இரண்டு கிளாஸ் சிவப்பு வைன் கேட்டேன்.

"எனக்கேன்?" என்றாள்.

"ஒண்டு குடிச்சுப் பாருமன்."

"நான் குடிக்கிறேல்லை எண்டு தெரியும்தானே. வெள்ளிக்கிழமை கோயில்ல பாடுற வாய்."

"இண்டைக்குச் செவ்வாய். இஞ்ச ஆர் பார்க்கிறது? இந்த மனுசர் எல்லாம் தண்ணி மாதிரிக் குடிக்குதுகள். பாரும்."

"மணக்கும்."

"எனக்கு மணக்கும். வேற ஆருக்கு மணக்கப் போகுது."

அதற்கு அவள் வெட்கப்பட்டாள். ஐம்பது வயதில் வெட்கப்பட்டாள். கிளாசைத் தூக்கி, "நீங்கள் சொல்லுறியள் எண்டு குடிக்கிறன்" என்றாள். அந்தச் சொல் எனக்கு இப்போதும் அப்படியே காதில் நிற்கிறது. நீங்கள் சொல்லுறியள் எண்டு.

முதல் வாய்க்கு முகத்தைச் சுழித்தாள். இரண்டாம் வாய்க்குச் சிரித்தாள். அரைக் கிளாஸ் முடிகிறதுக்குள் எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மெல்பேர்னுக்கு வந்த முதல் நாள் நான் வேலைக்குப் போன பிறகு அந்தச் சின்னப் பிளாற்றில் தனியாக இருந்திருக்கிறாள். சுவரில் இருந்த ஹீற்றர் தானாக டக் டக் என்று சத்தம் போட்டு நின்று, திரும்பச் சத்தம் போட்டிருக்கிறது. அது என்ன சாமான் என்று அவளுக்குத் தெரியாது. ஆரோ உள்ளே நிற்கிறார்கள் என்று பயந்து, கட்டிலில் ஏறி இருந்து, தெரிந்த தேவாரம் முழுக்கச் சத்தமாகப் பாடியிருக்கிறாள். நான் வேலை முடிந்து வரும் வரைக்கும் பாடியிருக்கிறாள்.

"நான் வரேக்க தொண்டை கட்டியிருந்ததே. தடிமன் எண்டெல்லே சொன்னீர்?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? வந்த அண்டைக்கே பயந்தாங்கொள்ளி எண்டு நினைப்பியள்."

"ஹீற்றருக்குத் தேவாரம் பாடின ஆள் உலகத்திலயே நீர்தான்."

"அதுவும் நிண்டுதுதானே" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்து மேசையில் இருந்த சனம் திரும்பிப் பார்த்துத் தாங்களும் சிரித்தது. நான் மேசைக்கு மேலே அவள் கையில் கையை வைத்தேன். அப்போது நான் யோசித்தது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. இந்த மனிசியோடு இவ்வளவு காலம் இருந்தும் கதைக்காமல் இருந்திருக்கிறேன் என்று யோசித்தேன். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இதைத்தான். அது அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு அரை மணித்தியாலம் கிடைத்தது.

வெயிட்டர் வந்து படம் எடுத்துத் தரவா என்று என் போனைக் காட்டிக் கேட்டான். கொடுத்தேன். அவள் கிளாசைக் கையில் பிடித்தபடி என் பக்கம் சரிந்தாள். அவன் போனைத் தூக்கினான். என் கை தானாகப் போய் என் கிளாசைக் கதிரைக்குக் கீழே வைத்தது. அவளின் கிளாஸ் எனக்கு நினைவே வரவில்லை. என்னுடையதை மட்டும் மறைத்தேன்.

போனைத் திரும்ப வாங்கினபோதுதான் தங்கச்சி அனுப்பின மெசேச்சுகளைக் கண்டேன். நாலைந்து கிடந்தன. "வந்து சேர்ந்தாச்சே?" "அண்ணா, இறங்கியாச்சே?" எங்கே போனாலும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று குடும்பக் குறூப்பில் போட வேண்டும். போடாவிட்டால் விமானம் விழுந்த மாதிரித்தான். நான் அந்தப் படத்தைப் போட்டு, சுகமாய் வந்து சேர்ந்திட்டம் என்று எழுதி அனுப்பினேன். படத்தை ஒருதரமும் வடிவாகப் பார்க்கவில்லை.

தங்கச்சியும் மெல்பேர்னில்தான், ரோவிலில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் விடிய முதல் ஷிஃப்ற். அங்கே விடிய நாலரை மணி, வேலைக்கு எழும்பி நிற்கிறாள். உடனே வீடியோவில் கோல் எடுத்தாள்.

"அண்ணா, ஒரு மெசேச் போட ஏலாதே? நான் நித்திரையில்லாமல் கிடக்கிறன்."

"இப்ப போட்டனான்தானே."

"ஓம், பார்த்தனான். நல்ல வடிவா இருக்கு. அதென்ன அண்ணியின்ர கையில?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படத்தில் என் முன்னால் தண்ணீர்ப் போத்தல். அவள் கையில் வைன். நான்தான் வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? என் தங்கச்சிக்கு என்னைத் தெரியாதா? அவள் வீட்டுக் கராஜிலேயே நான் விழுந்து கிடந்திருக்கிறேன். அவளே எனக்கு மேல் போர்வை போட்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு மயிரும் குறைந்திருக்காது. இதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு என்னிலேயே ஆத்திரம் வருகிறது. பயந்து பொய் சொன்னால் கூட ஒரு காரணம் இருக்கும். எனக்குப் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை.

"அதை உன்ர அண்ணியிட்டக் கேள்" என்றேன். "நான் சொன்னாக் கேக்கிற ஆளே? இத்தாலி மண்ணில கால் வைச்ச உடன தொடங்கிட்டா."

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆர், எங்கட தேவாரக்காரியோ? அண்ணா, போனை அவவிட்டக் குடுங்கோ."

நான் போனைத் திருப்பினேன். மனைவி ஒரு கையால் தலைமயிரைச் சரிசெய்தாள். மற்றக் கையில் கிளாஸ் இருந்தது. அதை எங்கே வைக்கிறது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"மச்சாள், வேலைக்கு நேரம் போகேல்லையே?"

"போகுது, போகுது. என்ன அண்ணி, கள்ளுக்கொட்டில் பக்கம் போல கிடக்கு?"

"ஓம். நல்ல இடம்."

"அண்ணா ஒண்டும் எடுக்கேல்லையே? புதினமாக் கிடக்கு."

மனைவி என்னைப் பார்த்தாள். என் கிளாஸ் என் குதிக்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"அவர் தண்ணிதான் குடிக்கிறார்" என்றாள்.

தங்கச்சி பிறகும் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள். நான் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"கால் தட்டுப்படப் போகுது" என்றாள் மனைவி. "எடுத்து மேல வையுங்கோ."

எடுத்து வைத்தேன். அவள் தன்னுடைய கிளாசையும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"தங்கச்சிக்குத் திருப்பி எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"நீங்கள்தான் குடிக்கச் சொன்னது எண்டு."

"சின்ன விசயத்தை ஏன் பெரிசாக்கிறீர். பகிடிக்குச் சொன்னது."

"உங்களுக்குப் பகிடி. அந்தச் சனத்துக்கு முன்னால வெள்ளிக்கிழமை வாய் திறக்கிறது நான்."

"அவள் வேலைக்கு வெளிக்கிட்டிருப்பாள்."

"இப்பத்தானே வைச்சவ."

நான் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்தது. அவளுக்கு மட்டி போட்ட பாஸ்தா, எனக்கு மிளகும் சீசும் போட்ட பாஸ்தா. ஒரு வாய் வைத்தேன். எனக்கு அது வேகாத மாதிரி இருந்தது. வெயிட்டரைக் கூப்பிட்டேன். இது பச்சையாகக் கிடக்கிறது, கொண்டுபோய் அவித்துக் கொண்டு வா என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன். இப்படித்தான் நாங்கள் அவிக்கிறது என்று அவன் தன்மையாகச் சொன்னான். நான் இன்னும் சத்தம் போட்டேன். முன்னர் எங்களோடு சிரித்த மேசை இப்போது தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி அவனிடம் தனக்குத் தெரிந்த இரண்டு சொல்லை வைத்து மன்னிப்புக் கேட்டாள். எனக்காக அவள் அன்றைக்குச் செய்த இரண்டாவது வேலை அது.

அவன் போன பிறகு அவள் சாப்பிட்டாள். ஒவ்வொரு மட்டியாகத் திறந்து, சதையை எடுத்து, ஓடுகளை ஒரு பக்கமாக அடுக்கி வைத்தாள். அவசரப்படவே இல்லை. நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "வெளிக்கிடுவமா" என்றேன்.

"நான் சாப்பிட வந்தனான்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

முடியுமட்டும் இருந்தேன். எழும்பி நடந்தபோது எனக்கு முன்னால் போனாள். அந்தப் பாலத்தில் அவளின் கை பைக்குள் இருந்தது. சட்டைக்குப் பை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் கண்டேன்.

மிச்ச ஒன்பது நாளும் சண்டை இல்லை. சொன்ன இடத்துக்கெல்லாம் வந்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். ஆனால் சாப்பாட்டு மேசையில் படம் எடுக்கப் போனால், முதலில் மேசையைப் பார்ப்பாள், பிறகு என் கையைப் பார்ப்பாள், பிறகுதான் சிரிப்பாள். நான் ஒவ்வொரு நாளும் தங்கச்சிக்கு எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அங்கே இப்போது நேரம் சரியில்லை என்று எனக்கு நானே சொன்னேன்.

மெல்பேர்னுக்கு வந்தோம். படம் எங்களுக்கு முன்னமே ஊரைச் சுற்றி முடித்திருந்தது. தங்கச்சியில் பிழை சொல்ல மாட்டேன். அவள் சிரிப்புக்கு இரண்டு பேருக்குக் காட்டியிருக்கிறாள். அந்த இரண்டு பேர் நாலு பேருக்கு. கூடவே நான் சொன்னதும் போயிருக்கிறது. சொன்னாக் கேக்கிறாவில்லை, போன உடன தொடங்கிட்டா.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் மனைவிதான் தேவாரம் பாடுகிறவள். பதினைந்து வருசத்துக்கு மேலாகப் பாடுகிறாள். சம்பளம் இல்லை, பட்டம் இல்லை. ஆனால் அவள் முன்னுக்கு வந்தால் சனம் வழி விடும். எனக்கு அந்தக் கோயிலில் ஒரு மரியாதை இருந்தால் அது அவளின் புருசன் என்கிற மரியாதைதான்.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை தீர்த்தம் வாங்குகிற வரிசையில் ஒரு அன்ரி அவளின் தோளில் தட்டி, "பிள்ளை, எங்கட தீர்த்தம் இனி உமக்குப் பிடிக்குமோ தெரியாது" என்றா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். கையை ஏந்தி வாங்கிக் குடித்தாள். நான் இரண்டு பேர் தள்ளி நின்றேன். எல்லாம் கேட்டது. செருப்பு வைக்கிற இடத்தில் என்னுடையதைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

அன்றைக்குப் பாடினாள். வழக்கமாக இரண்டு பதிகம் பாடுகிறவள் ஒன்றோடு நிறுத்தினாள். அடுத்த வெள்ளிக்கிழமை தொண்டை சரியில்லை என்றாள். அதற்கடுத்த வெள்ளியும் அதையே சொன்னாள். நாலாம் வெள்ளி ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. வேறொரு பிள்ளை பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். மனைவி தூணுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பிந்தித்தான் பொறுக்காமல் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தங்கச்சியும் புருசனும், இன்னொரு குடும்பமும், நாங்களும். நான் கராஜுக்குப் போகவில்லை. நேரே குசினிக்குப் போனேன். தங்கச்சி குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். மற்றக் குடும்பத்து மனிசி அப்பளம் பொரித்தா. என் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெங்காயம் வெட்டினாள்.

"உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்" என்றேன். "றோமில அந்த வைன் நான்தான் வாங்கிக் குடுத்தனான். அவ வேண்டாம் எண்டவ. நான்தான் வற்புறுத்தினனான். நானும் குடிச்சனான். படம் எடுக்கேக்க என்ர கிளாசைக் கதிரைக்குக் கீழ வைச்சுட்டன்."

தங்கச்சி சட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மற்ற மனிசியைப் பார்த்தாள்.

"பாருங்கோவன்" என்றாள். "அண்ணா அண்ணியை விட்டுக்குடுக்கிறாரில்லை."

"இஞ்ச எங்கட ஆளும் இருக்கிறாரே" என்றா மற்ற மனிசி, அப்பளத்தைத் திருப்பியபடி. "எனக்காக ஒரு நாள் ஒரு பொய் சொல்லியிருப்பாரே?"

"பொய்யில்லை. உண்மையாத்தான் சொல்லுறன்."

"ஓம், ஓம். உண்மைதான்." தங்கச்சி என் கையில் தட்டினாள். "அண்ணி குடுத்து வைச்ச ஆள்."

"எடியே, நான் பகிடிக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு உனக்குச் சொன்னதுதான் பொய்."

என் சத்தம் கூடிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தங்கச்சியின் புருசன் கராஜில் இருந்து எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், இண்டைக்கு வெள்ளனவே ஏத்திட்டியோ?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"சரி அண்ணா, கத்தாதேங்கோ. நம்பிறம்" என்றாள் தங்கச்சி. அழுகிற பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்து அனுப்புகிற மாதிரிச் சொன்னாள்.

மனைவி ஒருதரமும் திரும்பவில்லை. வெட்டின வெங்காயத்தைத் தயிருக்குள் போட்டு, உப்புப் போட்டுக் கலக்கினாள். பிறகு, "சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்கோ" என்றாள்.

மேசையில் என்னை நல்ல புருசன் என்று இரண்டு தரம் சொன்னார்கள். நான் சோற்றை விழுங்கினேன். மறுத்துச் சொன்னால் இன்னும் நல்லவனாகிப் போவேன் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

காரில் வரும்போது, "சொல்லிப்போட்டன்தானே" என்றேன்.

"ஓம். கேட்டனான்."

"அவை நம்பேல்லையெண்டா நான் என்ன செய்யிறது?"

"அண்டைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பினம்."

அவள் சொன்னதில் கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவள் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி, நேராக, உள்ளதைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் கோயிலுக்குப் போகிறோம். அவள் தூணுக்குப் பின்னால் இருக்கிறாள். திரும்பப் பாடும் என்று நான் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். "உங்களுக்காகவோ, எனக்காகவோ?" என்று கேட்டாள். எனக்காகத்தான். அவள் திரும்பவும் பாடினால் நான் செய்தது சின்ன விசயமாகிவிடும். அதற்குத்தான் கேட்டேன். அவளுக்கு அது தெரியும்.

இதை எழுதப் போகிறேன் என்று போன கிழமை அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கோ" என்றாள். "ஆனா கடைசியில உங்களை நல்லவராக்கிப் போடாதேங்கோ."

எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். முழுக்க வாசித்தாள். மட்டி ஓடுகளை அடுக்கினதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நீங்கள் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். தாளை என் கையில் தந்துவிட்டு, மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள்.